சக்கரத் தச்சரின் மகன்



ஹட்டன் பக்கம் தேயிலை ஸ்டோருக்குள் போக வாய்த்தால், ரோலர் ஓடும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். வாடின கொழுந்தை நிரப்பிய உருளைப் பெட்டி, மேடுமேடாகப் பட்டை பதித்த மேசையின்மேல் வட்டமடிக்கும். மூடி அழுத்த அழுத்த இலை முறுக்கிக்கொண்டு சாறு கசியும். அந்தச் சாற்றில் காற்றுப் பட்ட பிறகுதான் பச்சை செம்பு நிறமாகிறது, தேயிலைக்கு வாசம் வருகிறது. ரோலர் ஓடும் ஸ்டோரில் ரோதைமுனிச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குவது நம் பெரியவர்களின் வழக்கம்.

கொழுந்து உருட்டும் இந்த வேலையை நம் மலைகளில் முதன்முதலில் இயந்திரத்திடம் ஒப்படைக்கப் பார்த்தவர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று பள்ளிப் பிள்ளைக்கும் அவரைத் தெரியும். இயந்திரம் செய்த டெய்லரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள அவருடைய சிறுவயதிலிருந்து வர வேண்டும்.

1835 மார்ச் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில், மொஸ்பார்க் என்ற சின்ன வீட்டில் பிறந்தார். தகப்பனார் மைக்கேல், வண்டிச்சக்கரம் செய்கிற தச்சர். 9 வயதில் தாயைப் பறிகொடுத்த பையன், 14 வயதில் ஃபோர்டூன் ஊர்ப் பள்ளியில் தானும் படித்துக்கொண்டு சிறுவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம், 3 ஆண்டு ஒப்பந்தம் என்று ஒரு வேலை வந்தது. கப்பலேறி 1852 பெப்ரவரியில் இங்கே வந்து இறங்கியபோது 17 வயதுகூட நிறையவில்லை. தகப்பனாரின் தொழிலில் ஆரக்கால் ஒன்று மயிரிழை பிசகினாலும் சக்கரம் கோணிப்போகும். அப்படிப்பட்ட வேலை நடக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, எதையும் செய்துபார்த்துத் திருத்துகிற புத்தி தானாக வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வந்தது கோப்பித் தோட்டத்துக்கு. ஹேவாஹெட்ட பக்கத்தில் உள்ள லூல்கந்துரவில்தான் மீதி ஆயுள் முழுவதும் கழிந்தது. சின்கோனாவையும் நட்டுப் பார்த்தார். 1866இல் வட இந்தியா போய்த் தேயிலை வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, சில ஆண்டுகளில் பெருந்தோட்டங்களெல்லாம் ஆட்டங்கண்டபோது, பிழைக்க ஒரு வழி காட்டியது அந்த 19 ஏக்கர்தான்.

அவருடைய முதல் ஸ்டோர் எது தெரியுமா? குடியிருந்த பங்களாவின் விறாந்தைதான். அங்கே மேசை போட்டு, வாடின கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கையை வைத்து அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் இலையைப் போட்டுக் காயவைத்தார்கள். மென்மையாக உருட்டினால் சாறு வராது, முரட்டுத்தனமாக உருட்டினால் இலை நொறுங்கிப்போகும். எங்கே அழுத்துவது, எப்போது தளர்த்துவது என்பதெல்லாம் உருட்டுகிறவரின் கைக்குத்தான் தெரியும். இதை எத்தனை பேர் எத்தனை மணி நேரம் செய்திருப்பார்கள்!

1872இல் டெய்லர் எழுதிய கடிதமொன்றில், கொழுந்து உருட்டத் தாம் கண்டுபிடித்த இயந்திரம் கண்டியில் தயாராகிவருவதாகவும், அது சரிவந்தால் தேயிலையில் இலாபம் நிச்சயம் என்றும் சொல்கிறார். மறு ஆண்டு அவருடைய தேயிலை 23 இறாத்தல் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜக்சன் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரரும் ரோலர் செய்துகொண்டிருந்தார். 1864இல் கச்சார் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த பெல்ஃபாஸ்ட் இளைஞர் சாமுவேல் டேவிட்சன்தான் பிற்பாடு உருட்டிய இலையை உலர்த்தும் சிரொக்கோ என்ற இயந்திரத்தைச் செய்தார். டேவிட்சனும் டெய்லரைப் போலவே மீசை அரும்பும் வயதில் கடல் கடந்து வந்து, தோட்டத்து வேலையைக் கிட்டநின்று பார்த்துக் கற்றவர். பின்னாளில் எங்கும் பரவியது ஜக்சன் போன்றவர்களின் ரோலர்தான். அதனால் டெய்லரின் முயற்சி சிறியதாகிவிடாது.

எனக்கு மனத்தில் தைப்பது வேறொன்று. இயந்திரம் செய்ய வேண்டியிருந்தது அந்த முழங்கைகள் செய்த வேலையை. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் டெய்லர் அதை யோசித்திருக்க வேண்டும். லூல்கந்துரவில் வேலைசெய்தவர்கள், பஞ்சத்திலும் கடனிலும் தமிழகக் கிராமங்களை விட்டுக் கங்காணிகளோடு காடு மலை தாண்டி வந்த நம்மவர்கள். 1892 மே 2ஆம் திகதி டெய்லர் இறந்தபோது கண்டி மஹய்யாவ மயானம் வரை முறைவைத்துச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களும் தொழிலாளர்களே. ‘சாமி துரை’ என்று அவரை அழைத்தார்களாம். கல்லறையில் டெய்லரின் பெயர் இருக்கிறது. விறாந்தையில் உருட்டியவர்களின் பெயர்களை எந்த வரலாற்று நூலிலும் நான் பார்த்ததில்லை.

அவர்களை மறந்துவிட்டு எழுதுகிற கண்டுபிடிப்பு வரலாறு பாதி வரலாறுதான். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அப்பாவோ ஸ்டோரில் வேலை செய்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ரோலர் பார்த்தவர், அடுப்பு எரித்தவர், தூள் சலித்தவர், ஓடாத மெஷினை ஓடவைத்தவர், யாராக இருந்தாலும் சரி. பெயர், தோட்டம், டிவிஷன், அவர் சொன்ன கதை எல்லாம் வேண்டும். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அனுப்புங்கள், வருகிற இதழ்களில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்