விற்ற வண்டிக்கு வாடகையா?

பொருளை விற்றவன் அதன் திறப்பைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டால் அதற்குப் பெயர் விற்பனையா? நேற்றுச் சத்தியப்பிரமாணம் செய்த இளம் வழக்கறிஞரும் "அன்று" என்றே விடை கூறுவார். ஆனால் ஜேர்மனியின் பெருமைமிகு மெர்சிடிஸ்-பென்ஸ் கம்பனி இதனையே வியாபாரமாக்கியிருக்கின்றது. செல்வர் வீட்டு விவகாரம் எமக்கேன் என்று கமக்காரர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இவ்வழக்கு அவர்களுடைய வயலுக்கும் வந்துவிட்டது.

1979இல் இக்கம்பனி தன் 'எஸ் வகுப்பு' வரிசையில் 126 என்னும் மாதிரியை வெளியிட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் செய்யப்பட்டன. அதை வாங்க வல்லவர் சிலரே; ஆயினும் வாங்கியவருக்கு அது முழு உடைமை. பொனற்றைச் செங்குத்தாக நிமிர்த்தலாம்; எண்ணெயைக் கோலிட்டு அளக்கலாம். கைதேர்ந்த மெக்கானிக் எவரும் பழுது பார்க்கலாம்.

இவ்வரிசையின் மின்சார வாரிசாக 2021இல் வந்தது ஈ.கியூ.எஸ். அதன் பொனற்றை உரிமையாளர் திறத்தலாகாது. கம்பனியின் பணிமனைக்கே அவ்வுரிமை. பின்சக்கரங்கள் 10 பாகை திரும்பும் பொறி வண்டியிலேயே உண்டு. ஆனால் ஜேர்மனியில் 4.5 பாகைக்கு மேல் திரும்ப ஆண்டுக்கு 489 யூரோ கேட்டனர். 2022இல் அமெரிக்காவில், மோட்டாரின் முழு வலுவையும் பெற ஆண்டுக்கு 1,200 டொலர் என அறிவித்தனர். புதிதாக ஓர் ஆணிகூடப் பூட்டப்படுவதில்லை. பூட்டு ஒன்று அவிழ்க்கப்படுகின்றது, அவ்வளவே!

புதிய வண்டி பாதுகாப்பில் மேலானது. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் உயிர் காக்கும் காற்றுப்பைக்கும் வாடகைப் பூட்டுக்கும் என்ன உறவு?

"வேண்டியவர் வேண்டியதற்கு மட்டும் பணம் கொடுக்கட்டுமே" என்று எதிர்த்தரப்பினர் வாதிடுவர். ஐயா, அப்பொறியின் இரும்பும் செம்பும் வாங்கியவரின் வண்டியிலன்றோ இருக்கின்றன? அவற்றின் பாரத்தை நாள்தோறும் சுமப்பவர் அவரன்றோ? ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி 1896இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்கியவர் தம் பொருளை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்னும் உத்தரவாதத்தை விற்பனைக்குள்ளேயே வைத்தது. அந்த நீதிக்கு இப்பூட்டு நேர்விரோதமானது.

எஸ் வகுப்பில் தொடங்குவது அங்கேயே நிற்பதில்லை. சக்கரம் இறுகி வழுக்காது காக்கும் மின்னணுத் தடை முறை 1978இல் அதில் வந்தது. இன்று சிறிய கார்களிலும் உண்டு. நன்மை இறங்கி வந்த அதே படிகளில் தீமையும் இறங்கும். அமெரிக்காவில் உழவு இயந்திரங்களின் மென்பொருட் பூட்டினால் விவசாயிகள் தம் இயந்திரத்தைத் தாமே திருத்த இயலாது தவித்தனர். அவர்கள் போராடியதன் பயனாகக் கொலராடோ மாநிலம் 2023இல் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. ஆசனத்தைச் சூடாக்க மாதக் கட்டணம் கேட்ட பி.எம்.டபிள்யூ கம்பனியும், மக்களின் எதிர்ப்பைக் கண்டு 2023இல் அதனைக் கைவிட்டது.

இதன் அருமையை எமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரை ஏற்றிச் சென்றவை அவையே. கடல் கடந்த கம்பனியிடம் அனுமதி கேட்டா எம் மெக்கானிக்குகள் அவற்றை ஓடவைத்தனர்? அன்று அவ்வண்டிகளில் இத்தகைய பூட்டு இருந்திருந்தால் எம் நிலை என்னவாகியிருக்கும்?

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. விற்ற பொருளிலுள்ள பொறி அனைத்தும் வாங்கியவருக்கே உரியதெனச் சட்டம் கூற வேண்டும். பழுது பார்க்கும் நூலும் கருவியும் உதிரிப்பாகமும் எவருக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை, புதிய காரோ உழவு இயந்திரமோ வாங்கப் போவோர் விலை கேட்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இதன் பூட்டு யார் கையில்?"

விடை கூறத் தயங்குபவனிடம் காசை எண்ணி வைக்காதீர்கள்!