அளவில்லாத லீவு வேண்டாம்
முதல் ஆஃபர் லெட்டரில் "அன்லிமிடெட் பிடிஓ" என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள், தம்பி தங்கைகளே. சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் எதுவும் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் 2018 முதல் 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் சிக் லீவு உண்டு, வருடத்துக்கு 40 மணி வரை. அவ்வளவுதான்.

கலிஃபோர்னியா கதை வேறு. சேர்ந்த விடுமுறையும் சம்பளம்தான் என்று 1982-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையை விட்டால் மிச்ச நாட்களைக் காசாகத் தர வேண்டும். டெக்சஸில் அது கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. அன்லிமிடெட் என்றால் கணக்கில் எதுவுமே சேராது. பெரும்பாலும் கடைசியில் கைக்கும் ஒன்றும் வராது. கம்பெனிக்கு லாபம்!

எனக்கு 15 நாள் என்று எழுதித் தரும் லீவுதான் பிடிக்கும். பாட்டியைப் பார்க்க மதுரைக்குப் போய்வர மூன்று வாரம் ஆகும். எழுத்தில் இருந்தால் மேனேஜரிடம் கெஞ்ச வேண்டாம்.