பத்திரமா இருக்கு என்பவர்களிடம்

இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமானது. ஓர் எழுத்தாளர் காலமாகிறார். அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. "அவரோட கடிதங்கள், அச்சேறாத கதைகள், பேட்டி ஒலிப்பதிவு எல்லாம் என்னாச்சு?" என்று யாரோ ஒருவர் கேட்கிறார். "எல்லாம் டிரைவ்ல பத்திரமா இருக்கு" என்று பதில் வருகிறது. நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுகிறோம். எந்த டிரைவ், யார் கணக்கு, பாஸ்வேர்டு யாரிடம் என்று அடுத்த கேள்வி கேட்பவன் துக்க வீட்டில் கடன் கணக்குப் பேசுகிறவன் மாதிரி பார்க்கப்படுகிறான்.

அந்த அடுத்த கேள்வியைக் கேட்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நம்மிடம் இரண்டு மூடநம்பிக்கைகள் இருக்கின்றன. கிளவுடில் ஏற்றிவிட்டால் காலத்துக்கும் இருக்கும் என்பது முதலாவது. இதைக் கிண்டல் செய்கிற தொழில்நுட்பத் தம்பிகளின் நம்பிக்கை இரண்டாவது: சொந்தமாக ஒரு நாஸ் பெட்டி வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் போதும். இரண்டு பேருமே சேமிப்பை ஓர் இடம் என்று நினைக்கிறார்கள். நான் சொல்கிறேன், சேமிப்பு என்பது ஒரு வேலை. அந்த வேலை நின்ற அன்றைக்கு எந்த இடமும் பத்திரமில்லை.

முதலில் கிளவுட். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரோடு முடிந்தது. கூகுள் போட்டோஸின் வரம்பில்லாத இலவசம் 2021 ஜூன் 1 அன்று நின்றது. இரண்டு வருஷம் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற கூகுளின் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதில் சதி எதுவும் இல்லை. ஆனால் கடைசி விதியை ஓர் எழுத்தாளரின் மரணத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். செத்தவர் லாகின் செய்யமாட்டார். குடும்பம் முதல் வருஷ திதியைக் கொடுத்து, இரண்டாம் வருஷ திதியையும் கொடுத்து முடிக்கும்போது அவருடைய நாவலின் முடிவடையாத வரைவுக்கும் கெடு வந்திருக்கும்.

இனி பெட்டி. என் சித்தப்பா ஒரு சிற்றிதழ் நடத்தினார். கூத்துக் கலைஞர்களிடம் அவர் எடுத்த பேட்டிகள் சுமார் அறுபது மணி நேரம். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றியதும் அவரேதான். அவர் போன பிறகு, "ஹார்ட் டிஸ்க் பீரோல பத்திரமா இருக்குடா" என்றாள் சித்தி. இருந்தது. பட்டுப்புடவைக்கும் பத்திரங்களுக்கும் நடுவே, ஒரே ஒரு பிரதியாக. பேசியவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. அந்த ஒலிகளுக்காகத்தான் ரிச்சி தெருவில் இரண்டு டிஸ்க் போடும் பழைய நாஸ் ஒன்றை வாங்கினேன். இரண்டு டெராபைட் டிஸ்க்குகள் இரண்டும் கூடவே வந்தன.

பழைய டிஸ்க் எதற்கு என்று நண்பர்கள் சிரித்தார்கள். காசு ஒரு காரணம். இன்னொன்று, பழையது பொய் சொல்லாது. புது டிஸ்க் கண்ணாடிப் பேப்பரைப் பிரிக்கும்போதே நம்மைத் தூங்க வைத்துவிடும். பழையதை மாட்டினால் முதல் வேலையே சந்தேகப்படுவதுதான்.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடம்புக் கணக்கைத் தானே எழுதி வைக்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கெட்டுப்போன எத்தனை செக்டார்களுக்குப் பதிலாக மாற்று செக்டார் கொடுத்திருக்கிறது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை எத்தனை. முதல் டிஸ்க் 41,300 மணி நேரம் ஓடியிருந்தது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம் என்றால், நாலே முக்கால் வருஷம் நிற்காமல் சுற்றியிருக்கிறது. ஆனால் கெட்ட செக்டார் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது அதைவிட இளையது. காத்திருக்கும் செக்டார் எட்டு. இளையதைக் கழற்றிவிட்டுப் புதிது ஒன்று போட்டேன். கிழவரை வைத்துக்கொண்டேன், ராத்திரி முழுக்க நீண்ட பரிசோதனை ஓட்டிய பிறகு.

அதற்காகக் கிழவரை நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், ஸ்மார்ட்டின் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ரிப்போர்ட் கெட்டதாக இருந்தால் உடனே நம்பு, நல்லதாக இருந்தால் நம்பாதே. இதுதான் பாடம்.

"அதான் ரெய்டு இருக்கே" என்பார்கள் தம்பிகள். ரெய்டு ஒன்று என்பது கண்ணாடி. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும், சரி. ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் கண்ணாடியும் அந்தக் கணமே அழிக்கும். ஒன்றாக வாங்கி ஒன்றாக ஓடிய இரண்டு டிஸ்க்குகள் ஒன்றாகவே கிழமாகின்றன. ஒன்று செத்து அதன் இடத்தில் புதிதை மாட்டினால், மிச்சமிருக்கிற கிழட்டு டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தாக வேண்டும். அதன் வாழ்க்கையிலேயே கடினமான நாள் அதுவாகத்தான் இருக்கும். ரெய்டு, பெட்டியைத் தொடர்ந்து ஓட வைக்கும் ஏற்பாடு. அதை பேக்கப் என்று சொல்வது இன்வெர்ட்டரை இன்ஷூரன்ஸ் என்று சொல்வது மாதிரி.

பழைய பெட்டியில் இன்னொரு ஆபத்து அதன் மென்பொருள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளுக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015இல். 2021 ஜூனில் இணையத்தில் திறந்து கிடந்த அந்தப் பெட்டிகளைத் தாக்குபவர்கள் தூரத்திலிருந்தே துடைத்துப்போட்டார்கள். எத்தனையோ குடும்பங்களின் புகைப்படங்கள் ஒரே நாளில் போயின. ஆகவே அப்டேட் நின்றுபோன பெட்டி வீட்டு வைஃபையைத் தாண்டக் கூடாது. போனில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் பிரதிகள் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது ரெய்டு என்ன செய்திருக்கும்? மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது உலகம் அறிந்த எளிய விதி. சித்தப்பாவின் ஒலிகள் இன்று என் பெட்டியில் இருக்கின்றன, மதுரையில் தங்கச்சி வீட்டு டிஸ்க்கில் இருக்கின்றன, கிளவுடிலும் இருக்கின்றன. ஆமாம், கிளவுட்தான். அவர்களுடைய டிஸ்க்குகளும் சாகின்றன, அங்கே மாற்றுவதற்கு ஆள் இருக்கிறார்கள். நாம் மாதாமாதம் கட்டுவது அந்த உழைப்புக்கான கூலி. கூலி நின்றால் வேலையும் நிற்கும். இதை மறக்காதவரை கிளவுடோடு எனக்குச் சண்டை இல்லை.

இதெல்லாம் புதிய ஞானமும் இல்லை. சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது ஏதோ ஓர் ஓலை இரண்டாயிரம் வருஷம் தாங்கியதாலா? எந்த ஓலையும் அவ்வளவு தாங்காது. நைந்துபோவதற்கு முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதினார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. நைந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்த வீடுகளின் ஏடுகள்தான் கரையானுக்கும் ஆற்றுக்கும் போயின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் இதே வழியில்தான் பிழைக்கின்றன. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்று திறந்து வைத்தார்கள், எடுத்தவர்களிடமெல்லாம் இருக்கிறது.

"எழுதுறவனுக்கு இது எதுக்கு? நேரம் எங்க இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு: உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததை மேடைதோறும் உருகிப் பேச நேரம் இருக்கிறது. உங்கள் நண்பருடைய லேப்டாப்பை அவர் மனைவி பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய், "அக்கா, இதை நான் காப்பி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க நேரம் இல்லையா? செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை ஸ்மார்ட் எண்களைப் பார்ப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பேட்டியைப் பிரதியிலிருந்து எடுத்துக் கேட்டுப் பார்ப்பது, திறந்து பார்க்காத பேக்கப் வெறும் வதந்தி என்பதால். நான் போனால் இதையெல்லாம் யார் செய்வது என்று ஒரு தாளில் எழுதி வைப்பது.

அடுத்த அஞ்சலிக் கூட்டத்தில் "பத்திரமா இருக்கு" என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் டீயை அப்புறம் குடிக்கலாம்.