மயக்கத்தில் காவல்

நமது அடுத்த வீட்டில் 78 வயதான மூதாட்டி ஒருவர் இருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தவர், ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் இடுப்பெலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. மறுநாளே ரண சிகிச்சை செய்துவிட வேண்டும் என்றார் எலும்பு வைத்தியர். மூதாட்டியின் புதல்வரோ 30 வருஷம் கணக்கு எழுதியே பழகியவர். எதையும் இரண்டு முறை கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத சுபாவம். அன்று சாயங்காலம் நம்மிடம் ஓடிவந்தார்.

"கத்திக்கு நான் பயப்படவில்லை, ஸார். மயக்க மருந்துதான் பயமாக இருக்கிறது. எங்கள் பெரியப்பா ஆபரேஷனுக்குப் போகும்போது விஷ்ணு ஸகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வந்து பெற்ற பிள்ளையைப் பார்த்து, 'நீ யாரப்பா?' என்று கேட்டார். அம்மாவுக்கும் அப்படி ஆகிவிட்டால்? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் என்ன?" என்றார்.

நாம் வைத்தியர் அல்லோம். ஆனால் இந்தப் பயம் அந்த ஒரு வீட்டாருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை அறிவோம். 'மயக்க மருந்து மூளையைத் தின்றுவிடும்' என்ற பேச்சைக் கேளாத குடும்பம் உண்டா? அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் படுக்கையிலேயே கிழவர்களைக் கிடத்திவைத்த வீடுகளையும் கண்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று அறிந்துகொள்வது நன்றல்லவா?

டாக்டர்களே ஒரு தப்பு செய்கிறார்கள். நோயாளிக்குத் தைரியம் சொல்வதற்காக, "கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிடுவோம், அவ்வளவுதான்" என்கிறார்கள். அது தூக்கமல்ல. தூங்குகிறவனைக் கிள்ளினால் விழித்துக்கொள்வான். மயங்கியவனோ வயிற்றைக் கீறினாலும் விழிப்பதில்லை. தூக்கத்தில் மூளை இரவு முழுவதும் தானாகவே பல நிலைகளில் ஏறி இறங்குகிறது. மயக்கத்தில் மருந்து நிறுத்திய இடத்தில் நிற்கிறது. இக்காலத்தில் இரத்தக் குழாயில் ஏற்றும் புரோப்போஃபால் ஆனாலும், சுவாசத்தில் கலந்து கொடுக்கும் சீவோஃப்ளூரேன் ஆனாலும், நரம்பணுக்களை அடக்குவதற்கு மூளையிலேயே இயற்கையாக உள்ள கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. அதனால் மூளையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு பேசிக்கொள்வது குலைந்துபோகிறது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் போக்குவரவு இல்லை என்றால் எப்படியோ, அப்படி. மருந்து நின்றதும் கதவுகள் மீண்டும் திறக்கின்றன. பெரும்பாலோருக்கு எல்லாக் கதவும் சில மணி நேரத்தில் திறந்துவிடும். வயோதிகர் சிலருக்கு ஏதோ ஒரு கதவு சில நாட்கள் ஒட்டிக்கொள்கிறது. பெரியப்பாவுக்கு நேர்ந்தது அதுவே.

மயக்க மருந்து வேலை செய்யும் இடம் மூளை. ஆயினும் வைத்தியர்கள் வெகு காலம் மூளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காவல் காத்து வந்தார்கள் என்பது ஒரு விநோதம். 1846ஆம் வருஷம் அக்டோபர் 16ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரை முகரச் செய்ய, ஒருவருடைய கழுத்துக் கட்டியை வாரன் என்ற ஸர்ஜன் வலியின்றி அகற்றினார். உலகம் கொண்டாடிற்று. மறு வருஷம் எடின்பரோவில் ஸிம்ஸன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் நியூகாஸில் அருகே, ஹானா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்தாள். சில நிமிஷங்களில் பிராணன் போயிற்று. ஒரு நகத்திற்காக ஓர் உயிர்! முதலில் நின்றது மூச்சா, இருதயமா? மருந்து கொடுப்பவர் எதன் மீது கண் வைக்க வேண்டும்? இந்த வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

அதில் ஓர் அத்தியாயம் நம் ஹைதராபாத்தில் நடந்தது. அங்கே ரெஸிடென்ஸி ஸர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, "மூச்சைக் கவனி, நாடியைத் தொடாதே" என்ற கட்சிக்காரர். அவருடைய முயற்சியால், நிஜாம் அரசாங்கத்தின் பணத்தில், 1888லும் 1889லும் இரண்டு கமிஷன்கள் நூற்றுக்கணக்கான பிராணிகளுக்குக் குளோரோபாரம் கொடுத்துச் சோதித்தன. இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டனே கப்பலேறி வந்தார். லாரியின் கட்சியே ஜயித்தது. ஜயித்த கட்சி சரியான கட்சி அன்று. குளோரோபாரம் இருதயத்தையே திடீரென்று துடிதுடிக்கச் செய்து நிறுத்திவிடக் கூடும் என்பதை 1911ல் லெவி என்பவர் காட்டினார். லாரியிடம் பயின்று, குளோரோபாரம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற ஹைதராபாத் ஸ்திரீ, உலகிலேயே இத்துறையில் இறங்கிய முதல் பெண் வைத்தியர்களில் ஒருவர். கமிஷனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அம்மையாரைப் பற்றிப் பேசுவது அபூர்வம்.

மூச்சுக்கும் நாடிக்கும் பிறகு பிராணவாயுவுக்குக் காவல் வந்தது. 1974ல் ஜப்பானில் அயோயாகி என்ற எஞ்சினீயர் வகுத்த முறையில் பிறந்ததுதான், விரல் நுனியில் மாட்டும் அந்தச் சிறு கருவி. 2020ல் கொரோனா வந்தபோது அதை வாங்கி வைக்காத வீடு குறைவு.

இதற்குள் மூளையின் விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. 1942 ஜனவரியில் மாண்ட்ரீல் நகரத்தில் ஹரோல்ட் கிரிஃபித், அம்பு முனையில் தடவும் க்யூராரி விஷத்திலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்து நோயாளியின் தசைகளைத் தளரச் செய்தார். ஸர்ஜன்களுக்குப் பரம சௌகரியம். ஆனால் அதற்கு முன், மயக்கம் போதாவிட்டால் நோயாளி கையை அசைப்பான், முனகுவான், அதுவே எச்சரிக்கை. தசைகள் தளர்ந்தபின் உள்ளே விழித்திருந்தாலும் அவனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. பிரிட்டனில் நாடு முழுவதும் விசாரித்து 2014ல் வெளியிட்ட அறிக்கையில், சுமார் 19,000 பேருக்கு ஒருவர் வீதம் சிகிச்சையின் நடுவே நினைவு இருந்ததாகத் தெரிவித்ததாகக் கண்டார்கள். சொற்பந்தான். அந்த ஒருவராக இருந்தவரிடம் சொற்பம் என்று சொல்லிப் பாருங்கள்.

மூளையிலிருந்து எழும் மின்னலைகளை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924லேயே பதிவு செய்தார், 1929ல் வெளியிட்டார். மயக்கத்தின் ஆழத்தை இந்த அலைகளைக் கொண்டு அளக்கலாம் என்று 1937லேயே பாஸ்டன் ஆராய்ச்சியாளர் எழுதினார்கள். ஆயினும் 1990களில்தான் அது ஸர்ஜரி அறைக்குச் சௌகரியமான உருவில் வந்தது. நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டுகிறார்கள். பெட்டியில் 0 முதல் 100 வரை ஓர் எண் தோன்றுகிறது. நன்றாக விழித்திருப்பவருக்கு 100க்கு அருகில். சிகிச்சைக்குத் தக்க மயக்கம் 40க்கும் 60க்கும் நடுவே. மருந்து மிஞ்சினால் அலைகள் விட்டு விட்டு வந்து, நடுநடுவே கோடு சமமாகப் படுத்துவிடும். வயோதிகரின் மூளைக்கு இந்த நிலை எளிதில் வந்துவிடுகிறது. 40 வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்து வருஷத்திலும் தேவையான மருந்தின் அளவு சுமார் 6 சதவிகிதம் குறைந்துகொண்டே போகிறது.

அப்படியானால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமே என்று தோன்றும். 2015ல் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். 10 பேர் தாமே முன்வந்து, மயக்க மருந்து ஒரு துளியும் இல்லாமல், தசைகளைத் தளர்த்தும் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். பூரண விழிப்போடு, அசைய முடியாமல் கிடந்தார்கள். பெட்டியில் எண் இறங்கி, மயங்கியவருக்கு உரிய இடத்துக்கே வந்துவிட்டது! நெற்றித் தசையின் துடிப்பையும் கருவி விழிப்பென்று கணக்கிட்டு வந்ததே காரணம். ஆகையால் எண்ணை மட்டும் நம்பாமல், அலையையே படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிகிச்சை முடியும் வரை நோயாளியின் தலைமாட்டை விட்டு அகலாத மயக்க டாக்டரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸர்ஜனுக்குப் பழத்தட்டு கொண்டுபோகிறோம். இவரை யாரென்றே கேட்பதில்லை.

கணக்கர் நண்பரின் கேள்விக்கு வருவோம். பயம் ஆதாரமற்றதன்று. 1998ல் ஐரோப்பிய நாடுகளின் வைத்தியர்கள் முன்னின்று வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரிய ரண சிகிச்சை செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஒரு வாரம் கழித்தும் ஞாபகமும் கூர்மையும் மங்கியிருந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அது பத்தில் ஒருவராகக் குறைந்துவிட்டது. ஆனால் குற்றம் முழுவதும் மயக்க மருந்தின் தலையில்தானா? 2021ல் வெளியான அமெரிக்க, கனேடிய ஆராய்ச்சி ஒன்றில், இடுப்பெலும்பு முறிந்த 1,600 முதியவர்களில் பாதிப் பேருக்கு முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். மறு பாதிக்கு முழு மயக்கம். சித்தக் கலக்கம் இரு சாராருக்கும் நூற்றுக்கு 20 பேர் அளவில் சமமாகவே வந்தது. மூளை அலையைப் பார்த்து மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் கலக்கம் குறையுமா என்று 2019ல் 1,232 பேரிடம் பார்த்தார்கள், குறையவில்லை. வேறு சில ஆராய்ச்சிகளில் குறைந்ததும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

எலும்பு முறிந்த அதிர்ச்சி, வலி, காய்ச்சல், தூக்கமின்மை, அன்னியமான அறை, ஆகாரமில்லாத வயிறு, இவையெல்லாமே மூளையைக் கலக்குகின்றன. ஆகவே ஒரு வாரம் பொறுத்திருப்பது மூளைக்குப் பாதுகாப்பு அன்று. இந்தியாவும் சேர்ந்த 17 நாடுகளில் இடுப்பு முறிந்த சுமார் 3,000 பேரை வைத்து நடத்தி, 2020ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சில மணி நேரத்திலேயே சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 9 பேருக்கும், ஒரு நாள் காத்திருந்தவர்களில் 12 பேருக்கும் சித்தக் கலக்கம் கண்டது. இதைச் சொன்னதும் நண்பர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அன்றிரவே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தாயிற்று.

மயக்க டாக்டர் வந்து கேள்விகள் கேட்டபோது நாமும் பக்கத்தில் இருந்தோம். இளவயதுப் பெண், நிதானமாகக் கேட்டார். முன்பு மயக்கம் கொடுத்ததுண்டா, பல் ஆடுகிறதா, என்னென்ன மாத்திரை என்றெல்லாம் விசாரித்தார். புதல்வர், "இரத்த அழுத்த மாத்திரையும், இரத்தம் உறையாமலிருக்க ஒன்றும்; வேறு எதுவும் இல்லை" என்று முடித்துவிட்டார். அப்போது பேத்தி, "பாட்டி ராத்திரி தலையணைக்கு அடியிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்வாளே, அப்பா!" என்றாள். அது தூக்க மாத்திரை. நாலு வருஷமாக, ஒருவருக்கும் சொல்லாமல்! டாக்டர் பேனாவை எடுத்தார். அப்படிப்பட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே பெருங் கலக்கத்தை உண்டாக்கும் என்றார். குடியைப் பற்றியும் இதே கதைதான். அவமானம் என்று மறைக்கிறார்கள், மூன்றாம் நாள் நோயாளி கட்டிலிலிருந்து குதிக்கிறார்.

இரத்தம் உறையாத மாத்திரையின் காரணமாக முதுகில் ஊசி போட முடியவில்லை, முழு மயக்கந்தான். நெற்றியில் பட்டை ஒட்டினார்கள். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. முதல் நாள் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் நாள் இரவு, நண்பர் பயந்தது நடந்தது. காலமாகிப் பத்து வருஷமான கணவர் வாசலில் நிற்கிறார், கதவைத் திற என்று அரற்றினார். கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தார். நண்பர் நமக்கு ஒரு மணிக்குப் போன் செய்தார். குரல் நடுங்கிற்று.

காலையில் அந்த மயக்க டாக்டரே வந்து பார்த்தார். புது மருந்து ஒன்றும் எழுதவில்லை. "அம்மாவின் மூக்குக் கண்ணாடி எங்கே? காதுக் கருவி எங்கே?" என்று கேட்டார். இரண்டும் தொலைந்துவிடக் கூடாதென்று பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தார் நண்பர்! கண் தெரியாமல், காது கேளாமல், இராப்பகல் விளக்கெரியும் அறையில் ஒரு கிழவி எதைக் கொண்டு இது ஆஸ்பத்திரி என்று நிச்சயிப்பது? அமெரிக்காவில் ஷரன் இனூயே என்ற டாக்டர் 1999ல் இதையே காட்டினார். 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகள். ரண சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர், சாதாரண வியாதிக்காரர். ஒரு சாராருக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் கொடுத்து, தண்ணீர் குடிக்கச் செய்து, இன்ன நாள், இன்ன இடம் என்று அடிக்கடி சொல்லி, இரவில் சந்தடியைக் குறைத்து, சீக்கிரம் நடக்கவும் வைத்தார்கள். அவர்களில் 100க்கு 10 பேருக்குக் கலக்கம் வந்தது. மற்றவர்களில் 15 பேருக்கு. அங்கே இதற்காகத் தொண்டர்களைத் தேடிப் பழக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் ஒரு நோயாளியோடு நாலு பேர் வந்து வராந்தாவில் படுத்திருக்கிறோம். ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இரைந்து பேசி, நோயாளியின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போகிறோம்.

கண்ணாடி வந்தது. காதுக் கருவி வந்தது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, கிழமையும் தேதியும் சொல்லி, ஜன்னல் திரையை விலக்கினாள். தாதி மூதாட்டியை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்றிரவும் கொஞ்சம் பிதற்றல் இருந்தது, மறுநாள் குறைந்தது.

ஐந்தாம் நாள் நாம் பார்க்கப் போயிருந்தோம். மூதாட்டி கண்ணாடி வழியாக நம்மை உற்றுப் பார்த்தார். சௌக்கியமா என்று கேட்டார். பிறகு, தாம் விழுந்ததற்கு முதல் நாள் நம் வீட்டிலிருந்து வந்து கைமாற்றாக வாங்கிப் போன அரைக் கிலோ உளுந்து இன்னும் திரும்பி வரவில்லை என்றார். வீட்டுக்கு வந்து விசாரித்தோம், வாஸ்தவந்தான். அன்றைக்கே கொடுத்தனுப்பினோம்.