புள்ளிராஜா வீட்டுக்காரிக்கு?

‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று 2000களின் தொடக்கத்தில் ஒரு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் கேட்க, தமிழ்நாடே திருப்பிக் கேட்டது. புள்ளிராஜாவுக்குக் கழுத்தை நீட்டியவளுக்கு வருமா என்று அந்த விளம்பரம் கேட்கவில்லை. எச்.ஐ.வி. நடத்தை கெட்டவர்களுக்கு வருவது, ஒழுக்கமாக வளரும் பெண்பிள்ளைக்கு அந்தப் பேச்சே எதற்கு என்ற எண்ணம் இன்னும் அசையவில்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை ஆறு பேரிடம் சென்னையில் கண்டறிந்தபோது, அந்த ஆறு பேரும் பாலியல் தொழிலாளிகள். ஊர் அத்தோடு தீர்ப்பை எழுதிவிட்டது. அதே சுனிதி சாலமன் பங்கேற்று 2000இல் வெளிவந்த ஆய்வை யாரும் சுவரில் எழுதவில்லை. அவர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, தொற்றுள்ள 134 பெண்களில் 81 சதவீதத்தினர் இல்லத்தரசிகள். 88 சதவீதத்தினர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்ததாகச் சொன்னவர்கள். ஒழுக்கம் காக்கும் என்றால் இவர்களை ஏன் காக்கவில்லை?

திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுகிறது. பனியன் கம்பெனிகளுக்கு நூல் தரும் மில்கள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். மூன்றாண்டு உழைப்பின் முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. வெளியே போகவும் வீட்டாரோடு பேசவும் விடுதிகளில் இருந்த கட்டுப்பாடுகளை 2011, 2014 ஆய்வறிக்கைகள் பதிவுசெய்தன. ஆக, கல்யாணத்துக்கென்றே உழைக்கும் பெண்ணுக்கு, கல்யாணத்தின் வழியே வரக்கூடிய தொற்றைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்குச் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. பத்தாவதோடு நின்றவள் அந்த வாசலை மிதிப்பதேயில்லை. அவளை எட்டக்கூடியது செல்போன்தான்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவாள் என்பார்கள். 2007இல் பல மாநிலங்கள் பள்ளியில் வளரிளம்பருவக் கல்வியை நிறுத்தியதும் இதே பயத்தில்தான். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ, பாலியல் கல்வி உறவைத் தூண்டுவதில்லை, சில இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறது என்கிறது. போனில் குப்பையும் வருமே என்பது நியாயமான கவலை. ஆனால் குப்பை யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. இல்லாதது, நல்ல தமிழில் சின்னச் சின்னக் காணொளிகளாகச் சொல்லப்பட்ட சரியான தகவல்தான். ரத்தப் பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், அதைக் கல்யாணத்துக்கு முன் இருவருமே செய்துகொள்ளலாம், தொற்று இருந்தாலும் கூட்டு மருந்தோடு நெடுநாள் வாழலாம் என்பதையெல்லாம் அவள் வேறு எங்கே கேட்பாள்?

நேரில் வகுப்பெடுத்தால் போதாதா என்றால், எடுக்கட்டும். ஆனால் சூப்பர்வைசர் பின்னால் நிற்கும் கூட்டத்தில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? எய்ட்ஸ் பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத உதவி எண் இருக்கிறது. கையில் போன் இருந்தால் மொட்டைமாடி ஓரத்தில் நின்று கேட்பாள். விடுதி வார்டன் மேசையில் இருக்கும் போனில் கேட்கமாட்டாள்.