வீடறிந்த இரகசியம்

மர்மக் கதை ஒன்றைக் கையிலெடுக்கும் வாசகன், உலகில் எவருக்கும் தெரியாத ஓர் உண்மையை ஆசிரியர் கடைசி அத்தியாயத்தில் தனக்கு மட்டும் வெளிப்படுத்தப் போகிறார் என்ற எதிர்பார்ப்போடுதான் முதற் பக்கத்தைப் புரட்டுகிறான். எனினும், குடும்பத்தைக் களமாகக் கொண்டு எழுந்த மர்மக் கதைகளிலும் நாடகங்களிலும் காலத்தை வென்று நிற்பவற்றை ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் மறைந்து கிடப்பதாகச் சொல்லப்படும் இரகசியம் அந்த வீட்டிலுள்ள அநேகமாக எல்லோருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது என்ற விசித்திரம் புலப்படும். குடும்ப இரகசியம் என்பது பெரும்பாலும் எல்லோரும் அறிந்தும் எவரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத ஒன்று. அதை முதலில் சொல்பவர் யார், சொன்னதற்கு அவர் செலுத்தும் விலை என்ன என்ற கேள்விகளிலேதான் இவ்வகை இலக்கியத்தின் உயிர் தங்கியிருக்கிறது என்பது எமது அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்துக்குக் கொழும்புக் கொச்சிக்கடையைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது. ஜம்பட்டா வீதியிலிருந்து துறைமுகப் பக்கமாக இறங்கும் சந்துகளில், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வரிசை வீடுகளும், ஒரே தண்ணீர்க் குழாயைச் சுற்றி இருபது குடும்பங்கள் வாழும் தோட்டங்களும் நிறைந்த இப்பகுதியில், இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டில் எழும் அழுகுரல் பக்கத்து வீட்டாருக்குக் கேட்கவில்லை என்று சொல்வதற்கு இடமேயில்லை. ஆயினும் மறுநாட் காலையில் குழாயடியில் கூடும் பெண்கள், அழுதவளின் கன்னத்து வீக்கத்தைக் கண்டும் காணாதவர்களாய், அரிசி விலையைப் பற்றியும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியுமே பேசுவார்கள். அவ்வாறு பேசுவதில் இரக்கமும் உண்டு, பயமும் உண்டு, நாளை தம் வீட்டுக் கதையைப் பிறர் பேசாதிருக்க வேண்டுமே என்ற முன்யோசனையும் உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோனியார் திருத்தலத்தில் சைவரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏற்றி நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்கள், அயலாரிடம் சொல்ல முடியாதவற்றைச் சொல்வதற்கு மனிதர் ஓரிடத்தை எவ்வளவு தாகத்தோடு தேடுகிறார்கள் என்பதை உணர்வார்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக் கூடாதென்று திருச்சபை தன் குருமாருக்கு விதித்த கடுமையான நியமமும் இந்தத் தாகத்தை அறிந்தே எழுந்தது போலும்.

எமது இலக்கியத்தின் தலைவாயிலிலேயே இத்தகைய மௌனம் ஒன்று வீற்றிருக்கிறது. கோவலன் மாதவியின் மனையில் வாழ்ந்த காலத்தில், கண்ணகி தன் துயரத்தை மாமன் மாமியருக்குக் காட்டாது பொய்ந்நகை பூண்டிருந்தாள் என்றும், அந்த நகையின் பொய்ம்மையை அறிந்தே அவர்கள் உள்ளம் நொந்தார்கள் என்றும் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவள் மறைத்தாள், அவர்கள் அறிந்தார்கள், அறிந்ததை அவளிடம் சொல்லவுமில்லை. இந்த மூன்று நிலைகளுக்குள் ஒரு முழு நாவலுக்குரிய இறுக்கம் அடங்கியிருக்கிறது. இத்தனை காலம் தன் வீட்டுக்குள் வாய் திறவாதிருந்தவள், மதுரை அரசவையில் சிலம்பை உடைத்து, அதனுட் பரல் மாணிக்கமென்று காட்டி, முத்துப்பரல் கொண்ட அரசியின் சிலம்போடு ஒப்புநோக்கச் செய்து வழக்கை வென்றாள். தமிழின் முதற் பெரும் துப்புத்துலக்கற் காட்சி ஒரு குடும்பப் பெண்ணின் நீண்ட மௌனம் முறிந்த இடத்திலே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பெண்ணையே பத்தினித் தெய்வமாக இந்த நாட்டின் சிங்கள மக்களும் இன்றுவரை வழிபட்டு வருகிறார்கள்.

நாடக மேடைக்கு வந்தால், பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நினைவில் முந்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டு, தமிழகத்தைப் போலவே இலங்கையிலும் பல தலைமுறைகளாக மேடையேறிய நாடகம் இது. நாடகக் கொட்டகைகளால் ஒருகாலத்தில் பெயர்பெற்ற ஜிந்துப்பிட்டியின் பழைய ரசிகர்களுக்கு இதன் சங்கிலிக் காட்சியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மன்னன் வசந்தசேனையின் மாயையில் கட்டுண்டு கிடப்பதும், பட்டத்தரசி பத்மாவதி புறக்கணிக்கப்பட்டு வாழ்வதும் அரண்மனைக் காவலனுக்குக்கூடத் தெரியும். அவள் மகன் மனோகரனைக் கட்டிவைத்திருப்பது தாய் பெற்ற வாக்குறுதி; இரும்புச் சங்கிலி அதன் புறவடிவம் மாத்திரமே. 1954ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் பத்மாவதியாக வந்த கண்ணாம்பா தன் மகனை அந்த வாக்கிலிருந்து விடுவிக்கும் கணத்துக்காகவே சபையோர் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். என்ன நடந்தது என்ற வினாவுக்கு அங்கே வேலையில்லை. ‘ஹாம்லெட்’டிலும் இதே தந்திரந்தான்: தந்தையைக் கொன்றவன் சிற்றப்பன் என்பதை ஆவி முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறது, எஞ்சிய நான்கு அங்கங்களும், அறிந்ததை வைத்துக்கொண்டு ஒரு மகன் படும் பாடே. அந்த நாடகத்தைப் பம்மலார் ‘அமலாதித்தன்’ என்று தமிழாக்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாவல்களின் கதை சற்று வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் மேனாட்டுத் துப்பறியும் கதைகளின் போக்கைத் தழுவி எழுதியபோது, அந்தப் போக்கைத் தமிழ்க் கூட்டுக் குடும்பத்தின் நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டியவர்களாயினர். வடுவூராரின் ‘மேனகா’வில், கதாநாயகியின் கணவன் வராகசாமியின் விதவைச் சகோதரிகள் இருவரும் நாத்தனார் என்ற அதிகாரத்தோடு மருமகளை வதைத்து, ஈற்றில் அவளை வீட்டைவிட்டே கடத்தி விற்கச் சூழ்ச்சி செய்கிறார்கள், பொய்க் கடிதங்களை நம்பிக் கணவன் மனைவியின் கற்பைச் சந்தேகிக்கிறான். 1935இல் டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ இதைப் படமாக்கினார். இக்கரையிலும், 1930இல் தோன்றிய ‘வீரகேசரி’யின் பக்கங்களில் தொடர்கதைகள் வளர்ந்தன, அதன் ஆசிரியராக விளங்கிய கே. வி. எஸ். வாஸ், ‘ரஜனி’ என்ற புனைபெயரில் எழுதிய மர்மத் தொடர்களுக்குப் பெரும் வாசகர் கூட்டம் இருந்தது.

இக்கதைகளின் விறுவிறுப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றின் தீர்ப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் அநீதி தென்படும். வசந்தசேனை, வராகசாமியின் விதவைச் சகோதரிகள், நல்லதங்காள் கதையின் மூளி அலங்காரி என்று, குற்றத்தின் சுமை எப்போதும் குடும்பத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு பெண்ணின் தலைமேலேயே இறங்குகிறது. விசாரிக்காமல் நம்பிய கணவனும், கண்ணிருந்தும் பாராத மன்னனும், மனந்திருந்தி, மாலை மரியாதையோடு கடைசிக் காட்சியில் வந்து நிற்கிறார்கள். துப்பறிபவன் தண்டிக்கத்தக்க ஒருத்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவுடன், ஏனையோர் தமது மௌனத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து விடுதலை பெறுகிறார்கள். மர்மம் தீர்கிறது, வீடு அப்படியே இருக்கிறது.

ஈழத்து முதற் பெண் நாவலாசிரியராகப் போற்றப்படும் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வெளிவந்தபோது இந்த வசதியைத் தன் வாசகருக்கு அளிக்கவில்லை. கணவனின் கொடுமையைச் சகித்து நொறுங்கும் கண்மணியைத் தேடி அந்தக் கதையில் எந்தத் துப்பறிவாளனும் வருவதில்லை; பழிசுமத்த வெளியிலிருந்து ஒரு சூழ்ச்சிக்காரி தேவைப்படவுமில்லை; கொடுமை செய்பவன் வீட்டின் தலைவனே. நூலில் கிறிஸ்தவ போதனையின் சாயல் பலமாகப் படிந்திருந்தாலும், பொறுமை என்று பாராட்டப்படும் குணம் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் அழிக்க வல்லது என்பதைச் சொன்ன வகையில், அது தன் காலத்துத் துப்பறியும் நாவல்கள் பலவற்றிலும் துணிச்சலானது.

துப்பறியும் வடிவத்துக்குள்ளேயே இந்தத் துணிச்சலைக் கொண்டுவந்தது, ‘மனோகரா’ வெளியான அதே 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத அந்தப் படத்தில், ராஜன் என்ற இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டிருக்க, விசாரிக்க வரும் அதிகாரியிடம் அயலவர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனின் காதற்கிழத்தி என்று ஒவ்வொருவரும் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். அவ்வாக்குமூலங்களிலிருந்து கொலையைப் பற்றி நாம் அறிவது சொற்பம். அந்த வீட்டின் சொத்துத் தகராற்றையும், சகோதரரின் மனஸ்தாபத்தையும், மனைவியின் தனிமையையும் பற்றி அறிவதோ ஏராளம். விசாரணை என்ற நிர்ப்பந்தம் நேர்ந்திராவிட்டால் அவர்கள் தமக்குள் இவற்றை ஆயுள் முழுவதும் பேசியிருக்க மாட்டார்கள். கடைசியில் குற்றவாளி வெளியாளாக இல்லாமல், தேசத்துரோகியாகிய கணவனும் அவனைத் தடுக்க நின்ற மனைவியுமாக, வீட்டின் மையத்திலேயே உண்மை வெளிப்படுகிறது. பத்தாண்டுகள் கழித்து வந்த ‘புதிய பறவை’ இன்னும் ஒரு படி மேலே சென்று, முதல் மனைவியின் மரணத்தை மறைத்தவனிடமிருந்து உண்மையை வரவழைப்பதற்குப் பொலிசார் ஒரு பொய்க் குடும்பத்தையே சிருஷ்டிக்க வேண்டியிருந்ததைக் காட்டியது.

இலங்கைத் தமிழரின் வீட்டுக்கென்று தனியான மர்மங்கள் உண்டு. எமது எழுத்தாளர்கள் அவற்றை இன்னும் முழுமையாகத் தொடவில்லை. தமிழ்நாட்டுக் கதைகளில் கூட்டுக் குடும்பச் சொத்தும் மாமியாரின் சாவிக்கொத்தும் செய்யும் வேலையை, யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து குடியேறிய குடும்பங்களில் சீதன உறுதி செய்கிறது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்த தேசவழமையின்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரியும் சொத்துக்களில், வீடு பெரும்பாலும் மகளுக்கே போகிறது. மருமகன் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறான். எனினும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, அவள் தன் பெயரிலுள்ள அந்த வீட்டை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உடையவளுக்கு விற்கும் உரிமையில்லை, உரிமையில்லாதவன் கையொப்பமின்றிக் காரியமில்லை என்ற இந்த முடிச்சிலிருந்து, நொத்தாரிசின் அலுவலகத்திலும், வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரனின் தொலைபேசி அழைப்பிலும், எத்தனை பொய்களும் எத்தனை பயமுறுத்தல்களும் பிறக்கக் கூடும் என்பதைக் கற்பனைவளமுள்ள ஒருவன் எண்ணிப் பார்த்தால் போதும்.

இதனினும் ஆழமானது யுத்த காலத்து மௌனம். இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, தமக்கு இரண்டு பிள்ளைகளே என்று அயலவரிடமும் பதிவுக்கு வந்த பொலிசாரிடமும் சொன்ன தாய்மார் இக்கொழும்பு மாநகரில் வாழ்ந்தார்கள். அந்தப் பொய்யைக் குடும்ப கௌரவத்துக்காகச் சொன்ன பொய்களோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது. வெட்கத்தால் வாய்மூடுவது ஒன்று. உயிர்ப் பயத்தால் வாய்மூடுவது வேறொன்று. மற்றவரின் அந்தரங்கத்தை மதித்து வாய்மூடுவது முற்றிலும் பிறிதொன்று. இம்மூன்றையும் பிரித்தறியும் சூட்சும புத்தியே குடும்ப மர்மம் எழுதுபவனுக்கு முதலில் வேண்டிய தகுதி. காணாமலாக்கப்பட்டோர் பற்றி ஆராய 2016இல் ஓர் அலுவலகத்துக்கு இந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னரும், எத்தனையோ வீடுகளில் காணாமற்போனவரின் பெயர் சாப்பாட்டு வேளையில் உச்சரிக்கப்படுவதில்லை.

இவ்வளவு கனமான பொருளை இன்றைய தொலைக்காட்சித் தொடர்கள் கையாளும் விதத்தைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. சென்னையில் தயாராகிக் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளின் கூடங்களில் ஒவ்வொரு மாலையும் ஒளிரும் அத்தொடர்களில், இரகசியம் காக்கப்படுவதற்கு ஒரே காரணம், அது வெளிப்பட்டால் தொடர் முடிந்துவிடும் என்பதே. கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பவளின் முகத்தை மூன்று முறை காட்டி, உண்மையைச் சொல்ல வாயெடுத்தவனை வாகன விபத்தில் வீழ்த்தி, ஞாபக மறதியில் ஆழ்த்தும் ஏற்பாட்டில், சொல்லாமையின் நீதி அநீதியைப் பற்றிய எண்ணம் மருந்துக்கும் இல்லை. பழைய நாவல்களின் விதவை நாத்தனார், புதிய பட்டுச்சேலையும் பெரிய பொட்டுமாக, அங்கே இன்னும் குற்றம் சுமந்துகொண்டிருக்கிறாள்.

மர்மக் கதை வெறும் பொழுதுபோக்குத்தானே, அதன்மேல் இவ்வளவு தர்ம விசாரம் ஏன் என்று சிலர் வினவலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடற்காயத்தோடு மனத்துன்பத்தையும் கருத்திற்கொண்டு, 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும் பாதுகாப்புக் கட்டளையைப் பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவள் தானே வந்தோ, அவள் சார்பில் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தோ விண்ணப்பித்தால்தான் அந்தச் சட்டம் அசையும். அதற்கு முதலில் எவராவது வாய் திறக்க வேண்டும். வாய் திறப்பது எவ்வாறு, அதற்குப் பின்னரும் வாழ்வது எவ்வாறு என்பவற்றைச் சமூகம் தன் கதைகளிலிருந்தே கற்றுக்கொள்கிறது. பேசியவள் அழிந்துபோவாள், பொறுத்தவளுக்கு ஈற்றில் நன்மை வரும் என்றே ஒரு நூற்றாண்டாகக் கதை கேட்டு வளர்ந்த அயல், குழாயடியில் அரிசி விலையைத்தான் பேசும்.

ஆதலால் எமது மர்ம எழுத்தாளரிடமும் நாடகாசிரியரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. கொன்றவன் யார் என்று கண்டுபிடித்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். கொலைக்கு முன் பத்து வருஷங்களாக அந்த வீட்டில் என்ன நடந்ததென்பதை அறிந்திருந்தவர்கள் யார் யார், அறிந்தும் அவர்கள் பேசாதிருந்ததற்குக் காரணம் வெட்கமா, பயமா, சுயலாபமா என்று, மாமனையும் மைத்துனனையும் அயலவரையும் குடும்ப வைத்தியரையும் வரிசையாகக் கூண்டில் ஏற்றுங்கள். அந்த விசாரணையைச் செய்யும் கதையே வாசகனுக்கு உண்மையான திகிலைக் கொடுக்கும். ஏனெனில், வாசித்து முடிப்பதற்குள் தானும் அந்தச் சாட்சிகளில் ஒருவன் என்பதை அவன் உணர்ந்திருப்பான்.