தார் போடாத சாலைக்கு வந்த வாழ்வு

"எங்கள் ஊருக்குத் தார் ரோடு போட்டுக் கொடுங்கள்" என்று மனுக் கொடுப்பதுதான் எங்கும் வழக்கம். "எங்கள் ரோட்டுக்குத் தார் போடாதீர்கள்" என்று கேட்பவர் உண்டா?

உண்டு. இத்தாலி நாட்டில் கேட்டார்கள். வாயால் கேட்டதோடு நிற்கவில்லை. பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து, அந்தச் சரளைக்கல் ரோட்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். இன்று அந்த ரோட்டில் ஒரு முறையாவது சைக்கிள் விட வேண்டும் என்று பல நாடுகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள்.

இதனால் லாபம் யாருக்கு? தொல்லை யாருக்கு? அதுதான் இப்போது அங்கே எழுந்திருக்கும் கேள்வி.

கறுப்புச் சேவல்

இத்தாலியின் நடுப்பகுதியில் டஸ்கனி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதிலே பிளாரன்ஸ், சியெனா என்று இரண்டு பழைய நகரங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள குன்றுப் பிரதேசத்துக்குக் கியாந்தி என்று பெயர்.

இந்தக் கியாந்தி யாருக்குச் சொந்தம் என்று இரு நகரங்களும் நெடுங்காலம் சண்டையிட்டன. அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்பட வேண்டும். இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. இப்படி ஒப்பந்தம். சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டார்கள். அது நிம்மதியாகத் தூங்கியது. பிளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசி பொறுக்காமல் அது விடியுமுன்பே கூவிவிட்டது! பிளாரன்ஸ் வீரன் வெகுதூரம் வந்துவிட்டான். கியாந்தியில் பெரும் பகுதி பிளாரன்சுக்குப் போயிற்று. உண்மையோ, கட்டுக்கதையோ, இன்றும் அந்த ஊர் ஒயின் புட்டிகளில் கறுப்புச் சேவல் படம் இருக்கிறது.

ஆம், அங்கே முக்கியப் பயிர் திராட்சை. நமது பக்கம்போல் பந்தல் கிடையாது. கம்பி கட்டி, ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகக் கொடியை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் கியாந்தி முழுவதும் தோட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு காடு. ஓக் மரமும் காட்டுப் பன்றியும் நிறைந்த காடு. தோட்டத்தையும் காட்டையும் மாறி மாறிக் கடந்து போகின்றன, வெள்ளைச் சாலைகள்.

ஏன் வெள்ளை? சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பிய சாலைகள் அவை. வெயிலில் கண் கூசும். ஒரு மாட்டு வண்டி போனாலும் புழுதி எழும்பும்.

குடியானவர் போனார்கள், சாலை நின்றது

இந்தச் சாலைகள் உல்லாசத்துக்காகப் போட்டவை அல்ல. வார முறையில் உழுத குடியானவர்களுக்காக ஏற்பட்டவை. விளைச்சலில் பாதி நிலச் சொந்தக்காரருக்கு, பாதி உழுதவனுக்கு. குடியானவன் வீட்டையும், மாவு மில்லையும், மாதா கோயிலையும், பண்ணையார் மாளிகையையும் இணைத்தவை இந்தச் சாலைகளே.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு குடியானவர்களுக்கு இந்த வாழ்க்கை சலித்துவிட்டது. தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். 1964-ம் ஆண்டில் புதிதாக வார ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று சட்டமே வந்தது. அதற்குள் குன்றுகளில் பல கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன.

ஜனங்கள் அதிகம் போய் வந்த சாலைகளுக்குத் தார் போட்டார்கள். ஆள் இல்லாத சாலைக்கு யார் தார் போடுவார்கள்? அது வெள்ளையாகவே நின்றுவிட்டது. இன்று வெளியூர்க்காரர்கள் "ஆகா, என்ன அமைதி!" என்று வியக்கிறார்களே, அந்த அமைதி ஊர் காலியானதால் வந்த அமைதி. இதை மறந்துவிட்டுப் பேசுவது சரியாகாது.

92 பேர்

காலப்போக்கில் மீதியிருந்த சாலைகளுக்கும் ஒவ்வொன்றாகத் தார் வரத் தொடங்கியது. ஜான்கார்லோ புரோச்சி என்பவருக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் காலத்துச் சைக்கிள் வீரர்கள் இப்படிப்பட்ட சாலைகளில்தானே பெயர் எடுத்தார்கள் என்பது அவர் எண்ணம். 1997-ம் ஆண்டில் கயோலே என்ற சிற்றூரிலிருந்து ஒரு சைக்கிள் சவாரியை அவர் தொடங்கினார். வந்தவர்கள் 92 பேர். அதற்கு "எரோய்க்கா" என்று பெயர் வைத்தார். வீரச் சவாரி என்று பொருள்.

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் அது நடக்கிறது. இப்போது பல ஆயிரம் பேர் வருகிறார்கள். ஊரின் ஜனத்தொகையோ மூவாயிரம்கூட இல்லை!

விதிகள் வேடிக்கையானவை. 1987-க்குப் பிந்திய மாடல் சைக்கிள் கூடாது. கியர் மாற்றும் குச்சி பிரேமில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி ஹாண்டில் பாருக்கு வெளியே தெரிய வேண்டும். உடையும் அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டைதான். நெடுந்தூரச் சவாரி 209 கிலோ மீட்டர். விடியுமுன்பே புறப்பட்டு, இருட்டில் புரோலியோ கோட்டைக் குன்றின்மேல் ஏறுகிறார்கள். வழி நெடுக விளக்கு வைத்திருப்பார்கள். வழியில் தங்கும் இடங்களில் காய்ந்த ரொட்டியும், பீன்சும், கோசுக் கீரையும் போட்டுக் கொதிக்க வைத்த கூழ் கிடைக்கும். ஏழைக் குடியானவன் குடித்த அதே கூழ்!

இதைப் பார்த்துத் தொழில்முறை வீரர்களுக்கும் 2007-ல் ஒரு பந்தயம் ஏற்பட்டது. அதன் பெயரே "வெள்ளைச் சாலைகள்". 2015 முதல் பெண்கள் பந்தயமும் நடக்கிறது. 2010-ம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயம் இதே போன்ற சாலைகள் வழியாக வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. யார் எந்தச் சட்டை என்று தெரியாதபடி வீரர்கள் சேற்றில் குளித்தார்கள். ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் அன்று வென்றார். அண்மைக் காலத்தில் சுலோவேனியாவின் தாதெய் பொகாச்சார் இந்த வெள்ளைச் சாலைப் பந்தயத்தில் 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றார். 2025-ல் வேகமாக இறங்கும்போது விழுந்து, உடை கிழிந்து, காயத்தோடு எழுந்துபோய் வென்றார். அவர் விழுந்தது சரளையில் என்று நினைக்கிறீர்களா? தார்ச் சாலை வளைவில்!

காரைக் கண்டு பயம்

சாதாரண ஜனங்கள் கல்லும் முள்ளுமான வழியைத் தேடி ஏன் வருகிறார்கள்? வேடிக்கை ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

மிக்கேலே ஸ்கார்போனி என்பவர் இத்தாலியின் புகழ் பெற்ற வீரர். 2017-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி காலையில் சொந்த ஊரில் பயிற்சிக்குப் போனபோது, ஒரு வேன் மோதி இறந்தார். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பன். வயது 37. 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி தாவிதே ரெபெல்லின் என்ற வீரரை ஒரு லாரி மோதிக் கொன்றது. நாடறிந்த வீரர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? ஐரோப்பிய யூனியன் நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம் சைக்கிள்காரர்கள் சாலையில் உயிரிழக்கிறார்கள்.

சரளைச் சாலையில் கார் வேகமாகப் போக முடியாது. கல் தெறிக்கும், கண்ணாடி புழுதியாகும். ஆகவே காரோட்டிகள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. சைக்கிள்காரருக்கு அதுவே காவல்.

இதற்கென்றே தனிச் சைக்கிளும் வந்துவிட்டது. பார்வைக்குப் பந்தயச் சைக்கிள் போலவே வளைந்த ஹாண்டில் பார். ஆனால் டயர் சுமார் நான்கு சென்டி மீட்டர் அகலம். காற்று முப்பது, நாற்பது பவுண்டு போதும். மெல்லிய டயரில் காற்றை இறுக அடித்தால் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிள் துள்ளும், கை மரத்துப் போகும். அகல டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். சேறு அப்பினாலும் பிடிக்கும்படி, சக்கரத்தின் நடுவே தட்டு வைத்த பிரேக். குன்று ஏறுவதற்குக் குறைந்த கியர். மனம் இருந்தால் ஐம்பது வயதுக்காரரும் ஏறலாம்.

தூசி தின்பது யார்?

ஊர்க்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். கோடையில் கொடியில் காயும் துணியெல்லாம் புழுதி. மழை பெய்தால் சாலையில் ஓடை விழுந்துவிடும். இயந்திரம் கொண்டுவந்து மட்டம் செய்து, மறுபடியும் கல் பரப்ப வேண்டும். அந்தச் செலவு சிறிய ஊர்களுக்குப் பெரிய சுமை. நோயாளியை அவசரமாகக் கொண்டுபோகிறவன் அந்தச் சாலையின் அழகைப் பாட மாட்டான். தூசியைத் தின்பவன் ஒருவன், காட்சியை ரசிப்பவன் வேறொருவன். இதனால் ஊர்க்காரர் தார் கேட்டால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

அதே சமயம், அந்தச் சாலை இல்லாவிட்டால் திராட்சை அறுவடை முடியும் காலத்திலும் ஓட்டல் நிறையாது, சாப்பாட்டுக் கடை நடக்காது. பூட்டிக் கிடந்த கல் வீடுகள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. வாடகையும் விலையும் உயர்ந்து, குடியானவன் பேரன் திரும்பி வந்தாலும் அந்த வீட்டை வாங்க முடியாது.

இன்னொரு விசித்திரம். கயோலேக்கு ரயில் கிடையாது. காரைக் கண்டு பயந்து ஓடி வருகிறவர்களில் பெரும்பாலோர் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்!

அந்த 209 கிலோ மீட்டரில் ஏறத்தாழப் பாதியே வெள்ளைச் சாலை. மீதிப் பாதி தார். அங்கே காரும் லாரியும் உண்டு. 2024-ம் ஆண்டு டிசம்பரில் இத்தாலியில் புதிய சாலைச் சட்டம் அமலுக்கு வந்தது. சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே ஒரு வார்த்தையையும் சேர்த்திருக்கிறார்கள்: "சாலை இடம் கொடுத்தால்". கியாந்திக் குன்றுகளில் தார்ச் சாலை இரண்டு கார் ஒதுங்குவதற்கே சிரமமான அகலம். அங்கே இடம் கொடுக்காது.